தருமர் சொன்ன பொய்யும் தீகவாபிச் சோறும்

22 மே 2024, புதன். கல்லடி

மே மாதம் மட்டக்களப்புக்குப் போகிறேன் என்றதும் வவுனியாவில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "இந்த வெயிலுக்குள்ள என்னத்துக்கு?" மச்சான் வீட்டுக்குப் பக்கத்துக் கண்ணகி கோயிலில் சடங்குக்குக் கதவு திறந்தாயிற்று, திங்கட்கிழமை அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி, வராவிட்டால் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று மாமி சொல்லியனுப்பியிருந்தார். மாமியின் பேச்சை விட வெயில் பரவாயில்லை.

வறண்ட கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாவிப் பக்கம் போய் நின்றாலாவது குளிரும் என்று 1928இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் பின்னேரம் நடந்தேன். அனல்தான் வீசியது. பாலத்தடியில் பிளேன்டீ 40 ரூபாய். குடித்ததும் வியர்த்து, அந்த வியர்வையில்தான் கொஞ்சம் ஆறுதல்.

இரவு பிட்டும் இறால் கறியும். மச்சானின் மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை இந்த மாதந்தான் முடிந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒரு கேள்வி போட்டாள்.

"மாமா, சைவநெறிப் பேப்பரில அறம், பொருள், இன்பம், வீடு எண்டு எழுதினன். உகணையில என்ட கூட்டாளி ஒராள் இருக்கா, நெட்போலில பழக்கம். அவட பாடம் புத்தசமயம். அவவுக்குத் தர்மம் எண்டா புத்தர் சொன்னது. ரெண்டும் ஒண்டா, வேறயா?"

நான் இறாலில் கவனமாக இருந்தேன். மச்சான்தான் வாயைக் கொடுத்தார். "நாளைக்கு வெசாக். உங்கட மாமாவ தீகவாபிக்குக் கூட்டிப் போறன். கேட்டுக்கொண்டு வரட்டும்."

23 மே, வியாழன். தீகவாபி

புத்தர் பிறந்த நாளான வெசாக்கில் பஸ்ஸை நம்ப முடியாது என்று மச்சானின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். இருட்டோடு வெளிக்கிட்டும் காரைதீவு தாண்டும்போதே முதுகு வேகத் தொடங்கியது. சம்மாந்துறைக்குப் பிறகுதான் கண்ணுக்குக் கொஞ்சம் இதம். கல்ஓயாத் தண்ணீர் பாயும் சிறுபோக வயல், ரோட்டின் இரு பக்கமும் பச்சை.

அம்பாறையை நெருங்க நெருங்க தன்சல்கள், வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல்கள். பௌத்தக் கொடியை ஆட்டி வண்டியை மறிக்கிறார்கள். "அவசரமாகப் போகிறோம்" என்றால் யாரும் கேட்பதில்லை. முதல் இடத்தில் சுடச்சுடக் கொத்தமல்லித் தண்ணீர், அடுத்ததில் ஐஸ்கிரீம், அதற்கடுத்ததில் அவித்த கௌப்பி. பிறகு வந்த இடத்தில் மச்சான் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் தப்பினார். ஹெல்மெட்டுக்குள் திருநீறு பூசிய நெற்றியோடு அவர் கும்பிட்டதைப் பார்த்துப் பெடியன்களுக்கு ஒரே சிரிப்பு.

ஒரு தன்சலின் மேல் இரு மொழிகளில் பதாகை. தமிழில் இப்படி எழுதியிருந்தது: "பகையால் பகை தனியாது." மூன்று சுழிக்கு இரண்டு சுழி. தம்மபதத்தின் ஐந்தாவது செய்யுள் அது. பகையின்மையால்தான் பகை தணியும் என்று சொல்லிவிட்டு, "ஏஸ தம்மோ ஸனந்தனோ" என்று முடியும். என்றும் உள்ள தருமம் இது என்று பொருள். சனாதன தருமம் என்ற சொற்சேர்க்கையை ஒரு பக்கத்தார் மட்டும் பட்டா எழுதி வைத்திருப்பதுபோல் பேசுகிறவர்கள் இந்தச் செய்யுளை ஒருமுறை பார்க்கலாம்.

தீகவாபியில் செங்கல் மலைபோல ஒரு தாதுகோபுரம். மன்னன் துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸன் கட்டியது என்பது மரபு. புத்தர் மூன்றாம் முறை இலங்கைக்கு வந்தபோது இங்கே அமர்ந்தார் என்கிறது மகாவம்சம். தலை தெரியாத கூட்டம், எல்லோரும் வெள்ளை உடுப்பு. ஒலிபெருக்கியில் பிக்கு ஒருவர் பஞ்சசீலம் சொல்லிக்கொடுக்க, கூட்டம் திருப்பிச் சொன்னது.

மதியச் சோறு அங்கேயே தன்சலில். சிவப்பரிசி, பருப்பு, பூசணிக்காய், சோயா, பொரித்த அப்பளம். பரிமாறிய முதியவருக்குத் தமிழ் நன்றாக வந்தது. தகப்பன் கல்ஓயாத் திட்டத்துக்குக் குடியேறி வந்தவராம், இவர் வாய்க்கால் வேலையில் தமிழரோடும் முஸ்லிம்களோடும் நின்று பழகியவர். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு, மருமகளின் கேள்வியை அவரிடம் போட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்துச் சொன்னார்.

"புத்தர் தர்மத்தைச் செய்தது இல்ல, மாத்தயா. கண்டது. ஆசை இருந்தா துக்கம் வரும். ஆசை போனா துக்கம் போகும். புத்தர் பிறக்காட்டியும் அது அப்படித்தான்."

பாளிச் சூத்திரத் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் ஏறக்குறைய இதே கருத்து இருக்கிறது: ததாகதர்கள் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் இந்த நியதி நிற்கும். "சரி, யாருக்கு எந்தத் தர்மம் என்று பிரிவு இல்லையா?" என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. காய்ச்சலுக்கு ஆள் பார்த்தா மருந்து, என்பதுபோல ஒரு பார்வை. பிறகு, "ஹாமுதுருவுக்கு நிறையச் சட்டம், எங்களுக்கு அஞ்சு" என்றார். பிக்குவுக்கு விநயத்தில் 227 விதிகள், வீட்டுக்காரருக்கு ஐந்து சீலம். அந்த வித்தியாசம்கூட ஒருவர் துவராடையை விரும்பி உடுத்தினால் வருவது. பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

வெளியே வந்தால் என் செருப்பைக் காணவில்லை. களவெடுக்காமல் இருப்பேன் என்ற இரண்டாவது சீலம் ஒலிபெருக்கியில் முழங்கி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. யாரோ மாறிப் போட்டிருக்கலாம், ஆனால் பதிலுக்கு ஒரு சோடியும் மிஞ்சவில்லை. கொதிக்கிற மணலில் குதித்துக் குதித்து மோட்டார் சைக்கிளுக்கு வந்தேன். "தர்மம் தலையைத்தான் காக்கும் மச்சான், காலுக்கு ஒருத்தரும் உத்தரவாதம் சொல்லல்ல" என்றார் மச்சான். இறக்காமத்தில் றப்பர் செருப்பு 650 ரூபாய். வெசாக் விலையா என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார், குறைக்கவில்லை.

இரவு அம்பாறையில் அறை 4500. மின்விசிறிக்கு ஒரே ஒரு வேகம்தான், அதுவும் மெதுவானது.

24 மே, வெள்ளி. ராஜகல

தூக்கமில்லாத கண்ணோடு உகணைப் பக்கம் ஏறினோம். ராஜகல மலை முழுக்கக் காட்டுக்குள் கிடக்கும் பழைய பிக்கு மடம். குகைகள், படிகள், தூண்கள், பாதியில் விட்ட ஒரு புத்தர் சிலை. செதுக்கியவனுக்கு என்ன வந்ததோ! ஏறுகிறபோது மச்சான் பேசுவதை நிறுத்திவிட்டார். அது நடக்கிற காரியமல்ல, அவ்வளவு களைப்பு. குரங்கு ஒன்று எங்கள் பிஸ்கட் பக்கெட்டை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொண்டுபோனது.

மேலே ஒரு சிறிய தூபி. அங்கே கிடைத்த பிராமிக் கல்வெட்டு, இந்தத் தீவுக்கு வந்த மகிந்த தேரரதும் இட்டிய தேரரதும் தூபி இது என்று சொல்கிறது. அசோகனின் மகன் என்று மரபு சொல்லும் அதே மகிந்தர்தான். அவர் பெயரில் இருக்கும் மிகிந்தலைக்குப் படையெடுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒருமுறை இங்கேயும் கொண்டுவந்து காட்டலாம். வழியில் தண்ணீர் மட்டும் எங்கேயும் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நிழலில் குந்தியிருந்தபோது அசோகனைப் பற்றித்தான் நினைத்தேன். கலிங்கப் போரைப் பார்த்து மனம் நொந்தவன் தன் நாடெங்கும் கல்லில் 'தம்மம்' என்று வெட்டி வைத்தான். அந்தப் பெரும்பாறைச் சாசனங்களில் நான்கு உயர்ந்த உண்மைகள் பற்றிப் பேச்சில்லை, நிர்வாணம் இல்லை. தாய் தகப்பன் சொல் கேள், வேலைக்காரரை நன்றாக நடத்து, பிராமணருக்கும் சிரமணருக்கும் கொடு, உயிர்களைக் கொல்லாதே. இரண்டாம் சாசனத்தில் சோழர், பாண்டியர் நாடுகளையும் தாம்பிரபர்ணி என்ற இலங்கையையும் பெயர் சொல்லி, மனிதருக்கும் மிருகங்களுக்கும் வைத்தியம், தெருவோரம் மரம், கிணறு என்று வருகிறது. இதில் எது பௌத்தம், எது இந்து என்று பிரித்துக் காட்டச் சொன்னால் நான் தோற்றுப்போவேன். ராச்சியம் நடத்துகிறவன் தருமத்தைக் கையில் எடுத்தால் அது பெரும்பாலும் கிணறாகவோ கோட்டையாகவோதான் முடிகிறது. அம்பாறைப் பக்கம் ஒவ்வொரு சந்தியிலும் நிற்கும் பெயர்ப்பலகைகளைப் பார்க்கும்போது, கிணறாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை.

இறங்கி வந்து உகணையில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். சட்டி ஒன்று 500 ரூபாய். இரண்டு பேருமாக வழித்து முடித்தோம். கடைக்கார அம்மா எங்கள் நிலையைப் பார்த்துக் கூடவே ஒரு போத்தல் தண்ணீர் வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

25 மே, சனி. பாண்டிருப்பு

வெசாக்குக்காகப் பூட்டியிருந்த இறைச்சிக்கடைகள் இன்று திறந்துவிட்டன. கல்முனைச் சந்தையில் அந்தப் பக்கம் தேர்த்திருவிழாக் கூட்டம். இரண்டு நாள் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி ஆட்கள் பையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அங்கிருந்து பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் கிட்டத்தான். 18 நாள் திருவிழாவும் வனவாசமும் தீமிதிப்பும் வர இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. அதனால் கோயில் காலியாக, குளிர்ச்சியாக இருந்தது. திண்ணையில் இருந்த பெரியவர் ஒருவர் மச்சானுக்கு ஏதோ வழியில் சொந்தம். (மட்டக்களப்பில் மச்சானுக்குச் சொந்தமில்லாத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.) தீமிதிப்பில் பல வருடம் தருமர் வேசம் கட்டியவராம். விசயத்தைச் சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"இருங்க மனே. தருமம் எண்டா தாங்கிறது. கூரையத் தூண் தாங்கிற மாதிரி. ஒவ்வொரு தூணும் அதது நிக்கிற இடத்தில நிக்கோணும். அருச்சுனன் வில்லக் கீழ வெச்சிட்டு, நான் சன்னியாசி ஆகப்போறன் எண்டானே, கண்ணன் உட்டானா? சத்திரியன் சத்திரியன்ட வேலையச் செய் எண்டார்."

"அப்ப தருமர் பொய் சொன்னாரே, தாத்தா?"

கண்ணை மூடிக்கொண்டார். "சொன்னார். அசுவத்தாமா செத்தான் எண்டு உரக்கச் சொல்லி, யானை எண்டத மெதுவாச் சொன்னார். அதுவரைக்கும் அவர்ட தேர் நிலத்தில முட்டாம நாலு விரல் மேலதான் போகும். அந்த வாய் திறந்த உடன தேர் நிலத்தில இறங்கிட்டு. நானும் அந்த வேசத்தக் கட்டிக்கொண்டு தீக்குள்ள இறங்கினவன் மனே. ஒவ்வொரு முறையும் அந்த இடத்த நினைச்சாத்தான் கால் சுடும்."

இப்படிப் பேசுகிற ஆளிடம் போய், தூண் தூணாக நிற்கச் சொல்வதில் அடியில் கிடந்து நசுங்குகிறவனின் கதை என்ன என்று கேட்க மனம் வரவில்லை. வரும் வழியெல்லாம் அதைத்தான் மச்சானோடு பேசிக்கொண்டு வந்தேன். பிறர் தருமத்தைச் செவ்வனே செய்வதை விடத் தன் தருமத்தைக் குறையோடு செய்து சாவது மேல் என்கிறது கீதை. ஒரு வீரனுக்குப் போர்க்களத்தில் அது நல்ல புத்திமதி. பறை அடிக்கிறவனுக்கும் துணி வெளுக்கிறவனுக்கும் அதை நூற்றாண்டு கணக்கில் சொல்லி வந்திருக்கிறோமே, அதுதான் எனக்குச் செரிப்பதில்லை. பிறப்பால் யாரும் இழிந்தவனல்லன், செயலால்தான் என்று புத்தர் வசல சுத்தம் என்ற சூத்திரத்தில் நேராக வெட்டிச் சொன்னார். சரி, அதோடு முடிந்ததா? இலங்கையில் சியாம் நிகாயம் என்ற பிக்கு சங்கம் கொவிகமச் சாதிக்கு மட்டுமே உபசம்பதா என்ற முழுத் துறவு கொடுத்தது. மற்றச் சாதியார் பர்மாவுக்குக் கப்பலேறிப் போய் அமரபுர நிகாயத்தைத் தொடங்க வேண்டி வந்தது. எந்த வீட்டிலும் அடுப்படி ஒரு மாதிரித்தான்.

கல்முனை இறைச்சிக்கடைதான் எனக்கு வித்தியாசத்தை விளங்கப்படுத்தியது. மகாபாரதத்தின் வனபர்வத்தில் ஒரு கதை. தவத்தில் கர்வம் கொண்ட பிராமணன் ஒருவன் தருமம் கற்க மிதிலைக்கு அனுப்பப்படுகிறான். குருவைத் தேடிப் போனால் அவர் இறைச்சிக்கடையில் நிறுத்துக்கொண்டிருக்கிறார். தருமவியாதன். "இது என் குலத்தொழில், நானாகக் கொல்வதில்லை, தாய் தகப்பனைப் பார்க்கிறேன், பொய் சொல்வதில்லை" என்று சொல்லி, அந்தக் கடைக்காரர் பிராமணனுக்குப் பாடம் நடத்துகிறார். அவரிடம் கடையைப் பூட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவருடைய தருமம் அந்தத் தராசுக்குள்ளேயே இருக்கிறது. புத்தரோ, இல்லறத்தான் செய்யக் கூடாத வணிகம் என்று ஐந்தைச் சொன்னார்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. அங்கே கடைக்காரர் நல்லவரா, தாய் தகப்பனைப் பார்க்கிறாரா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. செயலிலிருந்து என்ன விளைகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒன்று, நீ யார் என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுக்கிறது. மற்றது வேலையைப் பார்த்துவிட்டு, நீ யாராயிருந்தாலும் விளைவு இதுதான் என்கிறது.

"ரெண்டு பேரும் வந்து கல்முனையில கடை போட்டா எவர்ட கடையில நீங்க வாங்குவீங்க?" என்றார் மச்சான். தருமவியாதரிடம் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு தீகவாபித் தாத்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்பேன் என்றேன். இரவு உண்மையிலேயே ஆட்டிறைச்சிக் கறிதான்.

26 மே, ஞாயிறு. மண்டூர்

குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருந்தோம். மட்டக்களப்பாருக்குப் பாதை என்றால் வாவியில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக் கடக்கும் தட்டையான மிதவை. ஒரு பெட்டி மீன், தையல் மெசின் ஒன்று, பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், கட்டிய காலோடு ஒரு சேவல், எல்லாம் எங்களோடு ஏறின. கச்சான் காற்றில் வாவி சிறு அலை போட, சேவல் மட்டும் சத்தமாக ஆட்சேபித்தது.

மிதவையைப் பார்த்தால் அந்தச் சூத்திரம் நினைவுக்கு வராமல் இருக்குமா! ஆற்றைக் கடக்க ஒருவன் புல்லும் கொப்பும் கட்டித் தெப்பம் செய்கிறான். அக்கரை சேர்ந்ததும், இது எனக்கு எவ்வளவு உதவி என்று அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கலாமா என்று புத்தர் பிக்குகளைக் கேட்கிறார். என் தம்மம் தெப்பம், கடக்கத்தான், பிடித்துக்கொண்டிருக்க அல்ல என்கிறார். தன் போதனையைப் பற்றி இப்படிச் சொன்ன வேறு குருவை எனக்குத் தெரியாது. நம் ஊரில் கோயில் கணக்குப் புத்தகத்தைக்கூட யாரும் கீழே வைப்பதில்லை.

மண்டூரில் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் பூசை செய்கிறார். மந்திரமும் இல்லை, பேச்சும் இல்லை. எந்தக் குடிக்கு எந்த உரிமை, யாருக்கு முதல் பிரசாதக் காளாஞ்சி என்பதில் மட்டும் இங்கே பேச்சு ஓயாது என்று டீச்சர் பாதையில் வரும்போதே சொல்லியிருந்தார். பாண்டிருப்புத் தாத்தாவின் தூண்கள்தான். ஆனால் குடி தாய்வழி வருகிறது, கோயில் வேலையைப் பங்குபோட்டு ஊர் முழுக்கச் செய்கிறது. அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய கோயில் நடந்திருக்காது என்பதும் மெய்தான்.

மதியம் மச்சானின் சிநேகிதர் வீட்டில் வாவி நண்டு. அதைப் பற்றி எழுதினால் கட்டுரை திசைமாறும்.

27 மே, திங்கள். குளிர்த்தி

பொழுதுபட்டதும் கோயில் நிரம்பிவிட்டது. பந்தலில் இடமில்லை, மாமி மட்டும் எப்படியோ முன்வரிசையில். பூசகரான கட்டாடியார் முன்னால் நிற்க, உடுக்கோடு பாட்டு. சடங்கு நாட்களில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரைப் பாட்டில் கதை மதுரைக்குப் போய்விடும். காற்சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்க, நானே கள்வன் என்று சொல்லி விழுந்து சாகிறான் பாண்டியன். அரசியல் பிழைத்தவனுக்கு அறமே கூற்றாகும் என்று இளங்கோ சொன்னது இந்த இடத்துக்குத்தான். யமனுக்குத் தருமராசன் என்று பெயர் இருப்பதும் சும்மா இல்லை.

கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது கடல்சூழ் இலங்கைக் கயவாகு மன்னனும் வந்திருந்தான் என்கிறது சிலம்பு. சிங்களப் பௌத்தர்களுக்கு அவள் பத்தினித் தெய்வம், ஒருநாள் புத்தராகப் போகிறவள் என்றும் நம்புகிறார்கள். உகணைத் தயிர்க்கடையில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் சிலம்பு ஏந்திய ஒரு படம் இருந்ததைப் பார்த்தேன்.

நடுச்சாமம் தாண்டித்தான் குளிர்த்திப் பாடல். மதுரையை எரித்தவளை, எரியும் மார்போடு வந்தவளை, குளிர்ந்தருள்வாய் என்று பாடிப் பாடி ஆற்றுகிறார்கள். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற அம்மாவின் கையில் ஓர் இளைஞனின் படம் போட்ட சட்டைப்பை அளவு அட்டை. அதை அவர் யாருக்கும் காட்டவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார். தன்சல் பதாகை நினைவுக்கு வந்தது. மச்சானின் காதில் சொன்னேன்: பகை தணிய வேண்டும் என்று அங்கேயும் எழுதியிருந்ததே.

"குளிர வைக்க முதல் வழக்குரைக்க உட்டிருக்காங்க பாருங்க மச்சான். அவள் ராசாவ வாசல்ல வெச்சுக் கேட்ட பிறகுதான் இந்தத் தண்ணி" என்றார் அவர், வரிசையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குளிர்த்தித் தண்ணீர் வாங்க அவ்வளவு நெருக்கடி. என் புது றப்பர் செருப்பின் வாரை யாரோ மிதித்து அறுத்துவிட்டார்கள். பிறகு புக்கை (பொங்கல்) கொடுத்தார்கள், வாழையிலையில், தொண்டை சுட. மருமகள் இரண்டு தரம் வரிசையில் போய் வாங்கியதை மாமி கண்டுபிடித்து, சாமி முன்னால் நின்றுகொண்டே ஏசினார்.

விடிய ஐந்தரைக்கு வவுனியா பஸ். இருக்கை வாழைச்சேனையில்தான் கிடைத்தது. மாமி கட்டித்தந்த புக்கையைப் பொலன்னறுவை வரைக்கும் வைத்திருந்தால் புளித்துவிடும் என்று பக்கத்தில் இருந்த ஆமிக்காரப் பெடியனுக்கும் ஒரு பங்கு பிரித்தேன். இனிப்புப் போதாது என்றான். போதாதுதான்.